சிங்கக்கால் நாற்காலி

வெள்ளைக்கரடு பேரூராட்சியின் தலைவர் பதவி இந்தச் சுழற்சியில் கீழத்தெருப் பெண்களுக்கு என்று உத்தரவு வந்த மாதத்தில்தான் அந்த அலுவலகத்துப் பெரிய நாற்காலிக்கு நகம் வளர்ந்தது. அதன் கால்கள் நாலும் சிங்கப் பாதங்களாகச் செதுக்கப்பட்டவை. மரத்தில் வெறும் கோடுகளாக இருந்த நகங்கள் ஒரு திங்கட்கிழமை காலையில் தரையைக் கீறிக்கொண்டு நீண்டிருந்ததை அலுவலக உதவியாளர் சன்னாசி பார்த்தார், பார்த்துவிட்டு வழக்கம்போல் ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் போனார். அடுத்த வாரம் பாதங்களில் முடி அரும்பியது. அதற்கும் அடுத்து, கைப்பிடி முனைகளில் வாய் பிளந்திருந்த சிங்கத்தலைகள் ஈரமாகி எச்சில் வடிக்கத் தொடங்கின. சிவப்பு வெல்வெட்டு இருக்கை, யாரோ இப்போதுதான் எழுந்து போன மாதிரி எந்நேரமும் சூடாக இருந்தது. மழையில் நனைந்த நாயும் பழைய தலையெண்ணெயும் காலையில் கழுவாத வாயும் ஒன்றாகச் சேர்ந்தது போன்ற ஒரு வாடை கூடத்திலிருந்து கிளம்பி, பஜாரைத் தாண்டி, பஸ் நிறுத்தம் வரைக்கும் போய் நின்றது.

அந்த நாற்காலியைச் செய்வித்தவன் ஒரு வெள்ளைக்காரக் கலெக்டர். கவர்னர் அந்தப் பக்கம் வேட்டைக்கு வருகிறார் என்று தெரிந்ததும் தானே உட்கார்ந்து படம் வரைந்து, ஒவ்வொரு உறுப்பும் ஒரு சேதி சொல்லவேண்டும் என்று ஆசாரிகளைப் பிடுங்கி எடுத்தானாம். உட்காருகிறவரின் தலைக்கு மேல் இன்னொரு ஆள் தலை உயரத்துக்கு முதுகுப்பலகை எழும்பவேண்டும், உச்சியில் கிரீடம் இருக்கவேண்டும். சிங்கப் பாதம் ஒவ்வொன்றும் ஓர் உருண்டையை அமுக்கிக்கொண்டிருக்கவேண்டும், அந்த உருண்டைதான் உலகம். கால் வைக்கும் மணையில் இந்த ஜில்லாவின் கண்மாய்களும் ஊர்களும் சாலைகளும் செதுக்கப்பட்டிருக்கவேண்டும், கவர்னரின் பூட்ஸ் அவற்றின்மேல் இருக்கவேண்டும். கைப்பிடிகள் இரண்டையும், இடுப்பில் ஒரு முழத்துணி மட்டும் கட்டிய இந்த ஊர் ஆட்கள் இருவர் முழங்காலிட்டுத் தலைக்குமேல் தாங்கிக்கொண்டிருக்கவேண்டும். எதிரே மனுக் கொடுக்க வருகிறவனுக்கு ஒரு ஸ்டூல், அதன் முன்னங்கால்கள் மட்டும் குட்டையாக. உட்கார்ந்தவன் சறுக்கிக்கொண்டே இருப்பான், விழாமலிருக்கக் குனிந்து காலை ஊன்றிக்கொண்டே இருப்பான், சொல்ல வந்ததைப் பாதியில் மறந்துவிட்டு எழுந்து போவான். கவர்னர் வந்தார், ஒரு மாம்பழம் தின்னும் நேரம் அதில் உட்கார்ந்திருந்தார், வயிறு சரியில்லை என்று போய்விட்டார். நாற்காலி போகவில்லை.

அது ஜமீனுக்குப் போயிற்று, ஜமீன் ஒழிந்ததும் பேரூராட்சிக்கு வந்தது. சுதந்திரம் கிடைத்த வருஷம் உச்சியிலிருந்த கிரீடத்தைச் செதுக்கி எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு மயிலை வைத்தார்கள். பிறகு ஆட்சி மாறும்போதெல்லாம் முதுகுப்பலகையில் போடும் துண்டின் நிறம் மாறிற்று. துண்டுக்கு அடியில் நாற்காலி அதேதான். வந்தவர்கள் எல்லோரும் சமத்துவம் பற்றிப் பேசினார்கள், பேசிவிட்டு மணையில் கால் வைத்து ஏறி அதில் உட்கார்ந்தார்கள். அந்த ஸ்டூலின் முன்னங்கால்களை மட்டும் யாரும் உயர்த்தவில்லை.

நாற்காலிக்கு உயிர் வந்ததை ஊர் சீக்கிரமே பழகிக்கொண்டது. செயல் அலுவலர் குற்றாலலிங்கம் இதை மேசை நாற்காலிக் கணக்கில் வைப்பதா கால்நடைக் கணக்கில் வைப்பதா என்று மேலிடத்தில் கேட்டார்; மறு உத்தரவு வரும்வரை நாற்காலியாகவே பாவிக்கவும் என்று பதில் வந்ததும், சாயந்திரம் நிம்மதியாகக் காப்பி குடித்தார். வெள்ளிக்கிழமைதோறும் முடிதிருத்துபவர் வந்து நகம் வெட்டினார். வெட்டிய துண்டுகளைக் காண்டிராக்டர்கள் தாயத்தில் அடைத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்கள். கறிக்கடையில் முதல் ஈரல் நாற்காலிக்கு என்று ஒதுக்கப்பட்டது. சிங்கத்தலைகள் ஈரலை மென்று தின்னும்போது வழிந்த சிவந்த எச்சிலைப் பரீட்சைக்குப் போகிற பிள்ளைகளின் நெற்றியில் தாய்மார் தடவிவிட்டார்கள். கல்யாணம் ஆனவர்கள் அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். முதலில் நாற்றம் என்றார்கள், பிறகு வாடை என்றார்கள், கோவில் கொடைத் திருவிழா வருவதற்குள் மணம் என்று சொல்லிக்கொண்டார்கள். பஜாரில் ஒரு மளிகைக்காரர் அதே மணத்தில் ஊதுபத்தி வரவழைத்து விற்றார், அதுவும் விற்றுத் தீர்ந்தது.

முத்திருளாயிக்கு மட்டும் அப்போதும் அது நாற்றமாகவே இருந்தது. அவள் கீழத்தெருவில் முதன்முதலில் காலேஜ் வரை படித்தவள், இன்சூரன்ஸ் ஏஜென்டாக வெள்ளைக்கரட்டின் வீடு வீடாக ஏறி இறங்கியவள். எந்த வீட்டில் உட்காரச் சொல்வார்கள், எந்த வீட்டில் வாசலோடு பேசி அனுப்புவார்கள், எந்த வீட்டில் உட்காரச் சொல்லிவிட்டு அவள் தெருமுனை திரும்பியதும் நாற்காலியைக் கழுவிக் காயப்போடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். செத்தவர் வீட்டில், நோயாளியின் கட்டிலருகே, சீழும் மூத்திரமுமாகக் கிடந்த அறைகளில் எல்லாம் முகம் சுளிக்காமல் உட்கார்ந்து கையெழுத்து வாங்கியிருக்கிறாள். அப்படிப்பட்டவளுக்கு, தலைவராகத் தேர்வாகிப் பதவியேற்க அந்தக் கூடத்துக்குள் நுழைந்ததும் அடிவயிற்றிலிருந்து ஓங்கரித்துக்கொண்டு வந்தது. உறுதிமொழியை வாயால் மூச்சு விட்டுக்கொண்டே வாசித்து முடித்தாள்.

துணைத்தலைவர் தனுக்கோடி மாலை போட்டார், கும்பிட்டார். அவருடைய தாத்தா ஜமீனில் காரியஸ்தர், அப்பா இருந்தவரைக்கும் தலைவர். நாற்காலியை அவர் வீட்டு மாட்டைப் போலத் தட்டிக்கொடுத்துக்கொண்டேதான் பேசினார்.

"அம்மா தப்பா எடுத்துக்கக் கூடாது. மரமா இருந்தவரைக்கும் யாரு வேணும்னாலும் உக்காரலாம். இப்ப அதுக்கு உசுரு வந்திருச்சு. அதுக்குன்னு ஒரு விருப்பு வெறுப்பு இருக்கும்ல."

அதனால் தலைவரம்மாவுக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். அடுத்த கூட்டத்தில் அதன் கால் உடைந்திருந்தது, வேறொன்று வரும்வரை என்று மனுக்காரர் ஸ்டூலை இழுத்துப் போட்டார்கள். வேறொன்று வரவில்லை. மாதக்கணக்கில் முத்திருளாயி அந்த ஸ்டூலில் சறுக்கிக்கொண்டே கூட்டம் நடத்தினாள். தீர்மானங்கள் முதலில் பெரிய நாற்காலியின் மடியில் வைக்கப்பட்டன, சிங்கத்தலைகள் முகர்ந்து பார்த்தன, அப்புறம் எச்சில் சொட்டச் சொட்ட அவளிடம் வந்தன. ஈரத்தில் பேனா எழுதவில்லை. உறுப்பினர்கள் கூரையைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்கள், கையெழுத்துப் போடக்கூடத் தெரியவில்லையே என்று இரங்குகிற முகத்தோடு. அவள் முந்தானையால் காகிதத்தை ஒற்றி ஒற்றிக் கையெழுத்துப் போட்டாள், வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக அந்தச் சேலையை வெந்நீரில் நனைத்தாள்.

ஆனால் நாற்காலிக்குத் தனுக்கோடி சொன்ன விருப்பு வெறுப்பு எதுவும் இல்லை. ஒருநாள் மன்றக் கூட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே அது அவள் பக்கமாக ஓர் அடி நகர்ந்தது, முன்னங்கால்களை மடித்து, ஒட்டகம் போலத் தாழ்ந்து, இருக்கையை அவளுக்கு நேராகக் கொண்டுவந்து நின்றது. இரண்டு சிங்கத்தலைகளும் பூனை போல உறுமின. அதற்குத் தெருவும் தெரியாது, குலமும் தெரியாது. யாரும் உட்காராமல் இத்தனை மாதம் வெறுமனே நின்றதில் அதற்குப் பாரம் இல்லாத வேதனை, அவ்வளவுதான். தனுக்கோடியின் முகம் செத்துப்போனது. குற்றாலலிங்கம் எழுந்து நின்று, அம்மா உட்காரலாம் என்று மெல்லச் சொன்னார். முத்திருளாயி மூக்கைப் பொத்திக்கொள்ள நினைத்தாள், ஆனால் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், இத்தனை நாள் சறுக்கிய இடுப்பும் வலித்தது. அவள் உட்கார்ந்தாள். நாற்காலி அவளைத் தூக்கிக்கொண்டு எழுந்தது.

சூடு முதலில் அருவருப்பாக இருந்தது, பிறகு இதமாக இருந்தது, அதுதான் அதிலிருந்த பெரிய அருவருப்பு. இருக்கை அவள் உடம்புக்குத் தக்கபடி குழைந்து கொடுத்தது, முதுகெலும்பின் ஒவ்வொரு கணுவையும் தேடிப் பிடித்துத் தாங்கியது. மேலேயிருந்து பார்க்க எல்லோரும் சின்ன ஆட்களாக இருந்தார்கள்; தனுக்கோடிக்கு உச்சந்தலையில் வழுக்கை இருப்பதை அவள் அன்றைக்குத்தான் பார்த்தாள். யாரும் கூரையைப் பார்க்கவில்லை. அவள் இருமினால் பேச்சு நின்றது.

கீழத்தெருவில் அன்று சாயந்திரம் வேட்டுப் போட்டார்கள். மினிபஸ் ஓட்டும் அவள் புருஷன் செல்லமுத்து, வண்டியின் பின்கண்ணாடியில் சிங்கத்தின் பாதத்தை வரையச் சொன்னான், வழியெல்லாம் ஆரன் அடித்துக்கொண்டே போனான். நாற்காலியே நம்மை ஒத்துக்கொண்டது என்று ஆட்கள் சொன்னார்கள், அதைச் சொல்லும்போது சிலருக்குக் கண் கலங்கியது, அந்தக் கலக்கத்தில் பொய் எதுவும் இல்லை. முத்திருளாயி வாரம்தோறும் போய் உட்கார்ந்தாள். வாடை அவள் கூந்தலில் ஏறியது. வெந்நீரில் சேலை நனைக்கும் வழக்கத்தை எந்த நாளில் விட்டாள் என்று அவளுக்கே ஞாபகமில்லை.

பஞ்சவர்ணம் மனுவோடு வந்தது அப்படி ஒரு நாளில்தான். அவள் முத்திருளாயிக்கு இரண்டு வீடு தள்ளி இருப்பவள், புருஷனைப் பறிகொடுத்தவள், முத்திருளாயியின் பிரசவத்தில் கூடவே இருந்தவள், அவளை முத்திருளாயி மதினி என்றுதான் கூப்பிடுவாள். பஜாரின் சாக்கடையும் பேரூராட்சிக் கக்கூஸ் தண்ணீரும் திறந்த வாய்க்காலாக வந்து கீழத்தெருவில்தான் தேங்கும். மழை பெய்தால் வீட்டுக்குள் ஏறும். போன மழையில் ஏறிய தண்ணீர் வடிந்த பிறகு, பஞ்சவர்ணத்தின் அரிசிப் பானைக்குள் வெள்ளைப் புழுக்கள் நெளிந்தன. அந்தப் பானையைத் துணியில் கட்டி எடுத்தே வந்திருந்தாள். ஸ்டூலில் உட்கார்ந்தாள், சறுக்கினாள், பானையைப் பிடிப்பதா தன்னைப் பிடிப்பதா என்று தெரியாமல் தரையில் காலை ஊன்றிக் குனிந்துகொண்டே பேசினாள். புழுவைப் பற்றிச் சொன்னாள், அப்புறம் எதையோ மறந்து நிறுத்தினாள்.

"மனுவ வச்சிட்டுப் போங்க, பார்ப்போம்" என்றாள் முத்திருளாயி.

அது தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகம் வந்தது. மதினி என்ற வார்த்தை வாய்க்கு வரவேயில்லை. பஞ்சவர்ணம் நிமிர்ந்து பார்த்தாள், அந்தப் பார்வையில் கோபம்கூட இல்லை. வேற்றூர் அதிகாரியைப் பார்க்கிற பார்வை. பானையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். முத்திருளாயி கூப்பிட நினைத்துக் கைப்பிடியை இறுகப் பிடித்தாள், அப்போது அவள் விரல்கள் கைப்பிடிக்கு அடியில் வேறு விரல்களின் மேல் பட்டன. வியர்த்து வழுக்கும் மனித விரல்கள்.

அவள் குனிந்து பார்த்தாள். நாற்காலிக்கு உயிர் வந்தபோது பாதத்துக்கும் சிங்கத்தலைக்கும் மட்டும் வரவில்லை. கைப்பிடியைத் தாங்கிய ஆட்கள் இருவருக்கும் வந்திருந்தது. முழங்கால் தோல் உரிந்து தரையோடு ஒட்டியிருந்தது. தூக்கிய கைகளில் நரம்பு புடைத்திருந்தது, அக்குளில் உப்புப் பூத்திருந்தது, சிங்கத்தின் எச்சில் தலைமுடியில் சொட்டிச் சடை பிடித்திருந்தது. ஒருவனின் கடைக்கண்ணில் ஈ உட்கார்ந்திருந்தது. கை ஒழியாததால் அவன் இமையை மட்டும் அடித்துக்கொண்டிருந்தான். இத்தனை மாதம் அவளுடைய கை அவர்கள் தலைக்குமேல்தான் இருந்திருக்கிறது. அவள் தன் உள்ளங்கையை முகர்ந்து பார்த்தாள், பிறகு மணையில் கால் வைக்காமல் அப்படியே தரையில் குதித்து, சன்னல் ஓரமாகப் போய் வாந்தி எடுத்தாள்.

இவர்களுக்கு என்ன கொடுக்கிறீர்கள் என்று சன்னாசியைக் கேட்டாள். அவர் புரியாமல் விழித்தார். நாற்காலிக்குத்தான் ஈரல் வருகிறதே என்றார். குற்றாலலிங்கம் எட்டிப் பார்த்து, அது நாற்காலியோடு சேர்ந்ததுதானே மேடம் என்றார், உண்மையாகவே அப்படித்தான் நினைத்தார். ஊரே வந்து பார்த்த கூடம் அது, போட்டோ எடுத்த கூடம், எல்லாப் போட்டோவிலும் அவர்கள் இருந்தார்கள். முத்திருளாயி குடத்திலிருந்து தண்ணீர் மோந்து போய் ஒருவன் வாயில் ஊற்றினாள். தொண்டை தண்ணீரை மறந்திருந்தது, பாதி வெளியே வழிந்தது. குடித்து முடித்து வெகுநேரம் கழித்து அவன் கேட்டான்.

"இறக்கி வைக்கலாமா தாயி?"

இறக்கினால் மொத்த நாற்காலியும் சாய்ந்துவிடும், அதன் அமைப்பே அப்படி என்று தனுக்கோடி அவசரமாகச் சொன்னார். அவர் குரலில் முதல்முறையாகக் கெஞ்சல் இருந்தது. உங்கள் காலம் முடிகிறவரைக்கும் நீங்கள்தான் உட்காரப்போகிறீர்கள், உங்கள் ஜனங்களுக்காகவாவது யோசித்துப் பாருங்கள் என்றார். அவள் யோசித்தாள். யோசிக்கும்போது முதுகுக்கு அந்த இதமான சூடு ஞாபகம் வந்தது, அது ஞாபகம் வந்ததே முடிவெடுக்க அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

"இறக்கி வைங்கய்யா" என்றாள்.

அவர்கள் கையை எடுத்தார்கள். கைப்பிடிகள் ஒடிந்த சிறகுகள் போலத் தொங்கின, சிங்கத்தலைகள் தரையில் மோதின, முதுகுப்பலகை மயிலோடு பின்னால் சரிந்து சுவரில் நின்றது. நாற்காலி அலறவில்லை. பால்குடி மறக்காத கன்று போல அனத்தியது, ஒடிந்த இடங்களிலிருந்து மஞ்சளாக ஒன்று கசிந்து மணையில் செதுக்கியிருந்த கண்மாய்களை நிரப்பியது.

ஊர் அவளை மன்னிக்கவில்லை. பஜாரில் கடையடைப்பு நடந்தது. நாற்காலியைப் பார்க்க வந்தவர்கள் அழுதார்கள். ஆனால் அவளுக்கு வலித்தது கீழத்தெருவில்தான். வேட்டுப் போட்ட அதே ஆட்கள் அவளைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். செல்லமுத்து சோற்றுத்தட்டைத் தள்ளிவைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"எத்தனை பேர் உக்காந்தான் அதுல. நம்மாளு உக்காந்தப்பதானா அது ஒடையணும்?"

"அதுல யார் உக்காந்தாலும் அடியில ரெண்டு பேர் இருக்கணும் மாமா. இன்னிக்கி நானு. நாளைக்கி வேற யாரோ. அடியில மட்டும் நம்மாளுகதான்" என்றாள் அவள். அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனான். ஆனால் அவன்தான் மறுநாள் மினிபஸ்ஸைக் கொண்டுபோய் அந்த இருவரையும் வீட்டுக்கு ஏற்றி வந்தான்.

அவர்களுக்கு முழங்கால் நிமிரவில்லை. வீட்டுக் கூடத்தில் பாய் விரித்துப் படுக்கவைத்தார்கள். பஞ்சவர்ணம் வேப்பெண்ணெய் காய்ச்சிக் கொண்டுவந்து தேய்த்தாள், தேய்த்துக்கொண்டே முத்திருளாயியிடம் முகம் கொடுக்காமல் இருந்தாள். முத்திருளாயி அவள் பக்கத்தில் உட்கார்ந்து, மதினி, அன்னிக்கி அப்படிப் பேசினதுக்கு என் வாயில அடிச்சிக்கணும் என்றாள். இன்னொரு ஆள் காலை நீ தேய் என்று எண்ணெய்க் கிண்ணத்தை நகர்த்தி வைத்தாள் பஞ்சவர்ணம். தெருவில் அவர்களைப் பேர் கேட்டார்கள். ஒருவன் சொன்னான், இன்னொருவன் யோசித்துவிட்டு அப்புறம் சொல்வதாகச் சொன்னான். கால் நிமிர்ந்த பிறகு, எங்கே போகிறோம் என்று சொல்லாமலே கிளம்பினார்கள். செல்லமுத்துவின் வண்டியில் கடைசி ஊர்வரைக்கும் போனார்கள், வண்டி காலியாகக் கிடந்தும் உட்காரவில்லையாம், போகிற வழியெல்லாம் நிமிர்ந்து நின்றுகொண்டே வந்தார்களாம்.

நாற்காலி மெதுவாகச் செத்தது. மணம் என்று சொன்னவர்கள் மறுபடி வாடை என்றார்கள், பிறகு நாற்றம் என்றார்கள், பிறகு பேசுவதற்கு வாயைத் திறக்கவே பயந்தார்கள். முடி கொத்துக்கொத்தாக உதிர்ந்தது. வெல்வெட்டு கிழிந்து உள்ளே வெள்ளையாக எதுவோ நெளிந்தது. ஈரல் கொண்டுவந்து வைத்தால் சிங்கத்தலைகள் முகத்தைத் திருப்பிக்கொண்டன, ஈரலும் பக்கத்திலேயே கிடந்து அழுகியது. கூட்டங்களை முத்திருளாயி வெளியே வேப்பமரத்தடியில் நடத்தினாள். காற்று திரும்புகிற நேரத்தில் உறுப்பினர்கள் எதையும் வாசித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடினார்கள். கீழத்தெருச் சாக்கடையை மூடிக் குழாய் போடும் தீர்மானம், பல வருஷமாகப் பேசிப் பேசித் தள்ளிப்போட்ட தீர்மானம், அப்படி ஒரு காற்றில்தான் நிறைவேறியது.

கடைசியில் ஒருநாள் மத்தியானம் அது வயிறு ஊதி, நாலு காலும் விறைத்துக் கிடந்தது. குற்றாலலிங்கம் கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு முத்திருளாயியிடம் வந்தார். கீழத்தெருவிலிருந்து ஆள் அனுப்பச் சொல்லுங்கள் மேடம், தூக்கிப் புதைத்துவிடுவார்கள் என்றார். அதைச் சொல்லும்போது அவருக்கு எந்தச் சங்கடமும் இல்லை, மழை பெய்தால் குடை எடுத்துவரச் சொல்வது போலத்தான் சொன்னார். வெள்ளைக்கரட்டில் மாடு செத்தாலும் நாய் செத்தாலும் அப்படித்தான் நடந்துவந்தது. முத்திருளாயியின் அப்பா அந்த வேலை செய்தவர். எத்தனை தேய்த்துக் குளித்தாலும் கையில் வாடை போகவில்லை என்று, உயிரோடு இருந்தவரைக்கும் கொட்டாங்கச்சிக் கரண்டியால்தான் சோறு தின்றார். பெற்ற மகளின் தலையை அந்தக் கையால் தடவிக் கொடுத்ததில்லை.

"எங்க தெருவுல யாரும் வரமாட்டாங்க சார்" என்றாள் அவள். "ஈரல் கொடுத்து வளத்தவங்க தூக்கட்டும்."

குற்றாலலிங்கம் சிரித்தார், விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்து. பிறகு கீழத்தெருவுக்கே ஆள் அனுப்பினார். அங்கே ஒருவரும் எழுந்துவரவில்லை. இரண்டாவது முறை போனவனிடம், தலைவரம்மா சொல்லிட்டாங்கல்ல என்று செல்லமுத்து வண்டியைத் துடைத்துக்கொண்டே சொல்லி அனுப்பினான். கூலி ஏற்றிச் சொல்லிப் பார்த்தார்கள், மிரட்டிப் பார்த்தார்கள், பக்கத்து ஊரில் ஆள் தேடினார்கள், அங்கேயும் சேதி போயிருந்தது. பிணம் கூடத்திலேயே கிடந்தது. வெல்வெட்டு வெடித்து நிணநீர் வாசல்படியில் இறங்கியது. புழு பஜார் ரோட்டைக் கடந்தது. காப்பிக்கடையில் காப்பி அந்த ருசியில் இருந்தது, கல்யாணச் சாப்பாடு அந்த ருசியில் இருந்தது. மாடிவீட்டுக்காரர்கள் சன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே வியர்த்துப் புழுங்கினார்கள். தனுக்கோடியின் வீடு அலுவலகத்துக்கு அடுத்த வீடு. அவர் மனைவி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பிறந்தவீடு போய்விட்டாள், போகும்போது, நீங்கள் தடவிக்கொடுத்த சனியனை நீங்களே எடுத்துப் போடுங்கள் என்று தெருவில் நின்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவர் இரண்டு மூங்கில் கழிகளும் வடமும் வாங்கிவந்தது ஒரு வியாழக்கிழமை காலையில். உறுப்பினர்களை வீடு வீடாகப் போய் இழுத்துவந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மூக்கில் துணியைச் சுற்றிக்கொண்டு, ஊரின் பெரிய மனுசர்கள் கூடத்துக்குள் போனார்கள், ஒவ்வொருவராக வெளியே ஓடிவந்து வாந்தி எடுத்தார்கள், மறுபடி உள்ளே போனார்கள். வடம் கட்டத் தெரியவில்லை. காலைப் பிடித்து இழுத்தபோது ஒரு பாதம் கையோடு கழன்று வந்தது. எப்படியோ கட்டித் தோளில் ஏற்றினார்கள். பஜார் வழியாகத் தூக்கிக்கொண்டு போகும்போது இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று பார்த்தார்கள், யாரும் சிரிக்கவில்லை. நடை ஒத்துவராமல் பிணம் ஆடியது, ஆடும்போதெல்லாம் அவர்கள் முதுகில் வடிந்தது. செத்தவற்றைப் புதைக்கும் புறம்போக்கு, கீழத்தெருவைத் தாண்டித்தான் இருக்கிறது. அந்தத் தெருவுக்குள் ஓட்டுக் கேட்கத் தவிர வேறெதற்கும் வராதவர்கள், அன்று நடுத்தெருவில் நின்று தோள் மாற்றிக்கொண்டார்கள்.

முத்திருளாயி தன் வாசலில் நின்றாள். சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருந்தாள், அப்படி இல்லை. அப்பா இதை ஒரே ஒரு ஆளை உடன் வைத்துக்கொண்டு, வருஷக்கணக்காகச் செய்திருக்கிறார் என்ற எண்ணம்தான் வந்தது.

புதைத்துவிட்டுத் திரும்பி வந்தவர்கள் குழாயடியில் நின்றார்கள். குழாயைத் தொடுவதற்குத் தயங்கி நின்றார்கள் என்பதை எல்லோரும் பார்த்தார்கள். தனுக்கோடி இரண்டு கைகளையும் உடம்பிலிருந்து விலக்கிப் பிடித்துக்கொண்டு, யாராவது தண்ணீர் ஊற்றுங்கள் என்றார். பஞ்சவர்ணம் குடத்தை நிரப்பினாள், செம்பை எடுத்தாள்.

"நீங்களே மோந்து ஊத்திக்கிடுங்க" என்று செம்பை அவர் கையில் கொடுத்தாள். அவர் வாங்கினார்.

அடுத்த மாதம் தலைவர் மேல் நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்தது. வரும் என்று அவளுக்குத் தெரியும். கூடத்தைப் பினாயில் போட்டுக் கழுவி, வெள்ளையடித்து, ஒரே மாதிரிப் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். கோட்டத்து அதிகாரி ஒருவர் வந்து தலைமை வகித்தார், வெளியூர்க்காரர், இங்கே நடந்தது எதுவும் தெரியாதவர். உறுப்பினர்கள் எல்லோரும் மடிப்புக் கலையாத சட்டையில், கைகளை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சீயக்காய், எலுமிச்சை, சாம்பல், ஸ்பிரிட் என்று ஊரில் கிடைத்த எல்லாவற்றையும் போட்டுத் தேய்த்ததில் அவர்கள் கைத்தோல் வெளுத்து உரிந்திருந்ததை முத்திருளாயி கவனித்தாள். தீர்மானத்தை ஆதரிப்பவர்கள் கையைத் தூக்கலாம் என்றார் அதிகாரி.

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தனுக்கோடி முதலில் தூக்கினார், அப்புறம் மற்றவர்கள். கைகள் எழும்ப எழும்ப அந்த நாற்றமும் எழும்பி, கூடம் முழுக்கப் பரவி, கூரையில் முட்டி, அதிகாரியின் மேசைக்கு இறங்கி வந்தது. அவர் பேனாவைக் கீழே போட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார், கைகளை எண்ண முடியாமல் கண்ணில் நீர் வழிந்தது, கையை இறக்குங்கள் என்று சொல்லவும் வாய் திறக்க முடியவில்லை. அவர் சொல்லாததால் அவர்கள் தூக்கியபடியே உட்கார்ந்திருந்தார்கள்.

முத்திருளாயி எழுந்து சன்னல்களைத் திறந்துவிட்டாள். வெளியே கீழத்தெருவுக்குக் குழாய்கள் ஏற்றிய லாரி திரும்பிக்கொண்டிருந்தது. அவள் செருப்பைப் போட்டுக்கொண்டு அதன் பின்னாலேயே நடந்தாள்.